இடப்பெயர்வும் காத்திருப்பும்: பதிவேட்டைத் திருத்தும் கடமை யாருடையது?

1

இடம்பெயர்தல் பொருளுக்கும் உண்டு, மக்களுக்கும் உண்டு. ஒரு பொருளோ ஒரு மக்கட் கூட்டமோ ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்தைச் சென்றடைந்ததும் இடப்பெயர்வு நிறைவுற்றுவிட்டது எனக் கருதுவது பொது வழக்கு. அவ்வழக்கு எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்றது சென்ற பின்னரும், அதனைப் பழைய இடத்திலேயே தேடும் பதிவு ஒன்று எங்கோ எஞ்சியிருக்கக்கூடும். அத்தேடலால் விளையும் தாமதத்தைச் சுமப்பவர் யார்? அப்பதிவைத் திருத்தும் கடமை யாருக்குரியது? இவை வெறும் நிருவாக வினாக்கள் போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குமிடத்து அறவியல் வினாக்களேயாம்.

இவற்றை ஆராய்தற்கு இரண்டு நிலைமைகள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, புதிய தட்டுக்கு மாற்றப்பட்ட பின் லினக்ஸ் கணினி தொடங்கத் தாமதிக்கும் சிக்கல். மற்றையது, மஸ்கெலியாவும் அதனைச் சூழ்ந்த மலையகத் தோட்டங்களும் கண்ட இடப்பெயர்வு. முன்னையதன் துன்பம் 90 வினாடிகளில் முடிவது. பின்னையது மூன்று தலைமுறைகளைத் தொட்டது. அளவினால் இவற்றை ஒப்பிடல் பொருந்தாது. ஆயினும் காரணம் எங்கே இருக்கிறது, பழி எங்கே சுமத்தப்படுகிறது என்பவற்றில் இரண்டிற்கும் ஒற்றுமை உண்டு. சிறியதில் அது மறைப்பின்றித் தெரிவதால், சிறியதிலிருந்தே தொடங்குதல் தகும்.

2

லினக்ஸ் என்பது கணினியின் பணிசெயல் முறைமைகளுள் ஒன்றன் கரு. 1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் அதனை வெளியிட்டார். 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்களோடு அது இணைந்து, எவரும் பெறவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முறைமையாக வளர்ந்தது. படிக்கவும் திருத்தவுமான இவ்வுரிமை, பின்னர் எழும் ஒரு வினாவுக்கு இன்றியமையாதது.

மேசைக் கணினியொன்றின் பழைய வன்தட்டு சுழலும் தகடுகளைக் கொண்டது. அதனை அகற்றி, அசையும் உறுப்பெதுவும் இல்லாத திண்மநிலைத் தட்டைப் பொருத்துவோர் இன்று பலர். பழைய தட்டின் கோப்புகள் யாவும் புதியதற்குப் பிரதி செய்யப்படுகின்றன. புதிய தட்டு பழையதனிலும் பன்மடங்கு விரைவானது. ஆகவே கணினியும் விரைந்து தொடங்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆயின் சில வேளைகளில் இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது. கணினி முன்னரிலும் நீண்ட நேரம் வாளாவிருக்கிறது. குறித்த அடையாளமுடைய தட்டுப் பிரிவு ஒன்றுக்கான தொடக்கப் பணி நடைபெறுகிறது என்றும், அதன் கால எல்லை ஒன்றரை நிமிடம் என்றும் திரையில் ஒரு செய்தி தோன்றுகிறது. வினாடிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. 90 வினாடிகள் கழிந்ததும் முறைமை தேடலைக் கைவிட்டு மேலே செல்கிறது. மறுநாளும் அவ்வாறே, அதற்கடுத்த நாளும் அவ்வாறே.

இதன் காரணம் தட்டில் இல்லை, பதிவேட்டில் உள்ளது. லினக்ஸ் முறைமையில் எஃப்எஸ்டாப் எனப்படும் சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றுண்டு. கணினி தொடங்கும்போது எந்தெந்தத் தட்டுப் பிரிவுகளைத் தேடி எங்கெங்கு இணைக்க வேண்டும் என்பதை வரிக்கு ஒன்றாக அது கூறுகிறது. முற்காலத்தில் அப்பிரிவுகள் கண்டறியப்பட்ட வரிசைப்படி பெயர் பெற்றன. முதலில் காணப்பட்ட தட்டு முதலாவது, அடுத்தது இரண்டாவது என்றவாறு அப்பெயர்கள் அமைந்தன. வேறொரு தட்டு இடையிலே பொருத்தப்படின் பெயர்கள் மாறிவிடும். இக்குறையை நீக்கும்பொருட்டே யூயூஐடி எனப்படும் 128 பிற் அடையாள எண் கையாளப்படலாயிற்று. பிரிவு ஒன்று வடிவமைக்கப்படும்போது இவ்வெண் அதன்மேல் எழுதப்படுகிறது. தட்டை எந்த இணைப்பிற் பொருத்தினும் எண் மாறுவதில்லை. இடத்தால் வந்த பெயருக்குப் பதிலாகத் தனக்கேயுரிய பெயரை ஒவ்வொரு பிரிவும் இவ்வாறு பெற்றது.

புதிய தட்டு வடிவமைக்கப்படும்போது புதிய எண்ணைப் பெறுகிறது. அதன்பின் பழைய கோப்புகள் அதிற் பிரதி செய்யப்படுகின்றன. அக்கோப்புகளுள் எஃப்எஸ்டாப்பும் ஒன்று என்பதே இங்குக் கவனிக்கற்பாலது. வீடு மாறுவோரின் சாமான்களுக்கிடையே பழைய முகவரிப் புத்தகமும் வந்து சேர்வது போல, பழைய எண்களைத் தாங்கிய பதிவேடு புதிய தட்டிலே குடியேறுகிறது. முறைமையின் மூலப் பிரிவைக் குறிக்கும் வரியைப் பெரும்பாலோர் திருத்திவிடுவர். அது பிழையாயின் கணினி தொடங்கவே மாட்டாது. தற்காலிக நினைவகமாகப் பயன்படும் ஸ்வொப் பிரிவுக்குரிய வரியோ மறக்கப்பட்டுவிடும். அது பிழையாயினும் கணினி எப்படியோ தொடங்கிவிடுவதே மறதிக்குக் காரணம். உரத்துக் கூவும் பிழை உடனே திருத்தப்படுகிறது. ஓசையின்றித் தாமதம் மட்டும் விளைக்கும் பிழை ஆண்டுக்கணக்கிற் கிடக்கிறது. இவ்வியல்பு கணினிக்கு மட்டும் உரியதன்று என்பது பின்னர் விளங்கும்.

3

தாமதத்தின் காரணத்தை ஆராய்வோர்க்கு சிஸ்டம்டீ என்னும் தொடக்க மேலாண்மைத் தொகுதி இரண்டு கட்டளைகளைத் தருகிறது. 2010 ஆம் ஆண்டு முதல் வளர்ந்து பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் இடம்பெற்றுள்ள தொகுதி அது. முதலாவது கட்டளையின் பெயர் 'பிளேம்'. அதாவது, பழி கூறல். ஒவ்வொரு பணியும் தொடங்குதற்கு எடுத்த நேரத்தை அது இறங்கு வரிசையில் அடுக்கிக் காட்டும். இரண்டாவது கட்டளையின் பெயர் 'கிரிட்டிக்கல் செயின்'. எந்தப் பணி எதன்பொருட்டுக் காத்திருந்தது என்பதைச் சங்கிலியாகத் தொடுத்துக் காட்டுவது அது.

முதலாவது கட்டளையைப் பற்றி அதன் கையேடே ஓர் எச்சரிக்கை தருகிறது. ஒரு பணி நெடுநேரம் எடுத்ததாகப் பட்டியலிற் காணப்படலாம். உண்மையில் அது மற்றொரு பணி முடியும்வரை காத்திருந்ததாக இருக்கலாம். ஆகவே இப்பட்டியலைக் கொண்டு மட்டும் முடிவுக்கு வருதல் தவறாகும் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். தாமதித்தவனும் தாமதத்துக்குக் காரணமானவனும் ஒருவனேயாகவேண்டும் என்ற நியதியில்லை. இதனை உணராதார் பட்டியலின் தலையில் நிற்கும் பணியைக் குற்றவாளியென்று கருதி நீக்கிவிடுகின்றனர். நீக்கிய பின்னரும் தாமதம் நீங்குவதில்லை.

'எவ்வளவு காலம் எடுத்தது?' என்பது ஒரு வினா. 'யாருக்காகக் காத்திருந்தது?' என்பது பிறிதொரு வினா. முன்னையதற்கு ஒரு கடிகாரம் போதும். பின்னையதற்கு விடை காண உறவுகளின் வரலாறு வேண்டும். மாந்தர் ஒருவரை ஒருவர் மதிப்பிடும்போது பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றனர். பின்தங்கியவர், மந்தமானவர், முன்னேற விருப்பமற்றவர் என்பன போன்ற தீர்ப்புகள் யாவும் பழிப் பட்டியலை மட்டும் படித்துக் கூறப்படுவன எனலாம்.

இனி, பரிகாரங்களை நோக்குமிடத்து அவற்றுள்ளும் போலியும் மெய்யும் உண்டு. புதிய தட்டே பழுதானது என்று அதனைத் திருப்பிக் கொடுப்பது ஒரு போலிப் பரிகாரம். அனைத்தையும் அழித்து முறைமையை மீண்டும் நிறுவுவது மற்றொன்று. அதனாற் சிக்கல் தீரினும் காரணம் அறியப்படுவதில்லை. காத்திருக்கும் எல்லையை 90 வினாடியிலிருந்து 5 வினாடியாகக் குறைப்பது மூன்றாவது. இது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆயின், உயிரோடிருந்தும் மெதுவாக எழும் இன்னொரு தட்டு அவ்வைந்து வினாடிக்குள் வராவிடின் அதுவும் கைவிடப்படும். இல்லாததற்காகக் காத்திருத்தல் பிழையென்பதற்காக, இருப்பதற்குக் காத்திருக்கும் பொறுமையையும் இழந்துவிடலாகாது.

மெய்யான பரிகாரம் எளியது. இப்போதுள்ள பிரிவுகளின் உண்மையான எண்களை முறைமையிடமே கேட்டறிதல் வேண்டும்; அதற்கெனக் கட்டளைகள் உள. அவற்றைப் பதிவேட்டின் வரிகளோடு ஒப்பிட்டு, பொருந்தாத வரியைத் திருத்துதல் வேண்டும். சில வேளை இருந்து சில வேளை இல்லாதிருக்கும் வெளித்தட்டாயின், அவ்வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்தல் வேண்டும். கிடைத்தால் இணைத்துக்கொள், கிடையாவிடின் தொடக்கத்தை அதற்காக மறிக்காதே என்பது அதன் பொருள்.

இத்துடனும் பணி முடிவதில்லை. கணினி எழும் முதற் கணங்களிலே பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு தொகுப்பொன்று உண்டு. ஆழ்துயிலுக்குச் சென்ற கணினியை மீட்டெடுப்பதற்குரிய ஸ்வொப் பிரிவின் எண், டெபியன், உபுண்டு முதலான பதிப்புகளில், வேறொரு சிறு கோப்பிலிருந்து அத்தொகுப்பினுள்ளும் எழுதப்பட்டிருத்தல் கூடும். எஃப்எஸ்டாப்பைத் திருத்தியும் தாமதம் முற்றாக நீங்காவிடின், பெரும்பாலும் அக்கோப்பையும் திருத்தித் தொகுப்பைப் புதிதாக ஆக்குதல் வேண்டியிருக்கும். மூலப் பதிவு திருத்தப்பட்ட பின்னரும் அதன் பிரதிகள் பழைய கட்டளையையே இட்டுக்கொண்டிருக்கும் என்பது இதனாற் பெறப்படுகிறது.

இவ்வளவிலும் கணினி செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. தனக்கு எழுதித்தரப்பட்டதை அது வாய்மையோடு நிறைவேற்றியது. புதிய தட்டின் குற்றமும் யாதுமில்லை. தட்டு மாற்றப்பட்டதைக் கணினி தானே அறிய வழியில்லை; மாற்றியவர் அறிவார். ஆகவே பதிவைத் திருத்தும் கடமை மாற்றியவர்க்கே உரியது. இதுவே முதல் நிலைமையிலிருந்து கிடைக்கும் அறவியல் முடிவு: இடம்பெயர்த்தவனுக்கே பதிவைத் திருத்தும் கடமையும் உண்டு. அக்கடமை செய்யப்படாதவிடத்து அதன் விலையைச் செலுத்துவது, குற்றமற்றதாகிய காத்திருக்கும் தரப்பு.

4

இம்முடிவை ஏற்பதற்கு முன் ஒரு தடையை எதிர்கொள்ளல் வேண்டும். புதிய தட்டில் உள்ள முறைமை பழைய முறைமைதானா, அன்றி வேறொன்றா? வேறொன்றாயின் பழைய பதிவுகளுக்கு அது கடமைப்பட்டதன்று என ஒருவர் வாதிடலாம். கிரேக்கர் தீசியசின் கப்பலைக் கொண்டு இவ்வினாவை எழுப்பினர். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்பது அவர்தம் ஐயம். தமிழ் மரபில் இதனினும் நெருக்கமான கதையொன்று உண்டு. அது கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலரின் வரலாறு.

சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுமாறு, சாத்தனூரில் பசு மேய்ப்போனாகிய மூலன் இறந்து கிடக்க, அவனைச் சூழ்ந்து பசுக்கள் வருந்துவதைக் கண்ட யோகியார் இரக்கமுற்றுத் தம்முடலை ஓரிடத்தே வைத்துவிட்டு அவனுடலிற் புகுந்தார். பசுக்கள் துயர் நீங்கின. மாலையில் அவை தத்தம் வீடு சென்றன. ஆயின் மூலனின் மனைவி கணவனின் வரவு நோக்கிக் காத்திருந்தாள். அவன் வராமை கண்டு தேடி வந்தாள். யோகியாரோ தமக்கும் அவளுக்கும் உறவேதும் இல்லையென்று கூறி விலகினார்.

இக்கதையைப் பெரும்பாலோர் யோகியாரின் பக்கத்திலிருந்தே படிப்பர். மனைவியின் பக்கத்திலிருந்து படிப்பின் வேறொன்று புலனாகும். அவளுடைய உள்ளமாகிய பதிவேட்டில் 'இவ்வுருவம் என் கணவன்' என்று எழுதப்பட்டிருந்தது. உருவம் வந்தது, கணவன் வரவில்லை. அவள் காத்திருந்ததிற் பிழையில்லை. யோகியார் உண்மையை மறைக்கவுமில்லை. மாற்றம் நிகழ்ந்ததைத் தாமே சொன்னார். எனினும் அச்சொல் அவளது துயரைத் தீர்க்கவில்லை. மறுநாள் ஊரிலுள்ள சான்றோர் வந்து ஆராய்ந்து அவர் நிலையை உணர்ந்து கூறவேண்டியதாயிற்று. மாற்றத்தை அறிவித்தல் மாற்றியவரின் முதற் கடமை. அது மட்டும் போதாதவிடத்து ஊரும் பொறுப்பேற்றல் வேண்டும் என்பது இதனால் உணரப்படுவது.

ஆகவே, 'அதுவா, வேறா?' என்னும் வினாவுக்கு எவ்விடை கூறினும் கடமை நீங்குவதில்லை. அதுவேயாயின் பழைய உறவுகள் தொடர வழி செய்தல் வேண்டும். வேறாயின் உறவு முடிந்ததென்று தெளிவாக உரைத்தல் வேண்டும். இரண்டும் செய்யாது காத்திருக்க விடுதலே அறமன்று.

5

இனி மஸ்கெலியாவை நோக்குவோம். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழியிலே, மஸ்கெலி ஓயா பாயும் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. நீர்மின் திட்டத்தின்பொருட்டு அவ்வாற்றை மறித்துக் கட்டப்பட்ட மவுஸ்ஸாக்கலை அணை 1969 இல் நிறைவுற்றது. பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. புதிய நகரம் மேட்டு நிலத்தில் எழுந்தது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் தாழும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. மக்கள் சென்று பார்க்கின்றனர். மழை வந்ததும் அவை மீண்டும் மறைகின்றன.

ஒரு நகரத்தை மாற்றியமைத்தல் கண்ணுக்குத் தெரியும் இடப்பெயர்வு. மஸ்கெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் மக்களுக்கோ, கண்ணுக்குத் தெரியாத பதிவேட்டுச் சிக்கல் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து அவர்தம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். கொண்டுவந்தது குடியேற்ற ஆட்சியும் தோட்டக் கம்பனிகளும். காடு அழிந்து தோட்டம் ஆனது. பிள்ளைகள் பிறந்தனர், பேரர் பிறந்தனர். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலோ அவர்கள் 'இந்தியத் தமிழர்' எனத் தனியே குறிக்கப்பட்டனர். மக்கள் ஓரிடத்தில் இருக்க, பதிவு இன்னோர் இடத்தைச் சுட்டியது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இப்பதிவுக்கு வலுவூட்டியது. வம்சாவளிப் பிரசையென நிறுவ, தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டப்பட்டது. பிறப்புப் பதிவு சரிவர நடைபெறாத காலத்தில் லயன் அறையிற் பிறந்தவர்களின் பிள்ளைகளிடம் இச்சான்று கோரப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோரே அதனாற் பிரசாவுரிமை பெற்றனர்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. அது தீர்மானிக்கப்பட்டது 1974 இல். 'பின்னர்' என்ற அச்சொல்லினுள் பத்து ஆண்டுகள் அடங்கின. இந்தியா சென்றோர் ஒரு புதிய பதிவேட்டை எதிர்கொண்டனர். இருந்தோர் பழைய பதிவேட்டோடு காத்திருந்தனர். 1984 இல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் புறப்படாதிருந்தோர் இரண்டுக்கும் இடையில் நின்றனர். 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்ற நிலைக்குச் சட்டத்தில் முடிவு ஏற்பட்டது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள். கணினி 90 வினாடியில் கைவிடும் தேடல் இங்கு அரை நூற்றாண்டு நடந்தது.

இவ்வரலாற்றின்மேல் முதல் நிலைமையிற் கண்ட முடிவைப் பொருத்திப் பார்த்தல் தகும். இம்மக்களைக் கொண்டுவந்தோர் அவர்தம் பதிவைத் திருத்தும் கடமையுடையோராயிருந்தனர். அவர்களிடமிருந்து ஆட்சியைப் பொறுப்பேற்றோர் அக்கடமையையும் பொறுப்பேற்றிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. பதிவைத் திருத்துவதற்கான சான்றைத் தேடித் தரும் பாரம், பதிவேட்டைக் கண்ணாலும் கண்டிராத தொழிலாளர்மீது சுமத்தப்பட்டது. லினக்ஸ் முறைமையின் பதிவேட்டை எவரும் திறந்து படிக்கலாம். பிழையான வரி எதுவென்று சுட்டலாம். தோட்டத் தொழிலாளியின் பெயர் தாங்கிய பதிவேடு அவருக்கு விளங்காத மொழியில், அவர் எட்டாத அலுவலகத்தில் இருந்தது. படிக்கவும் திருத்தவும் உள்ள உரிமை இங்குதான் அறத்தின் பகுதியாகிறது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தான் படிக்கவியலாத நிலையில் ஒருவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது.

பழிப் பட்டியலின் படிப்பினையும் இங்குப் பொருந்துவதே. கல்வியிலும் சுகாதாரத்திலும் வருமானத்திலும் மலையகம் பின்தங்கியது எனப் புள்ளிவிவரங்களைக் காட்டிக் கூறுவோர் உண்மையையே கூறுகின்றனர். ஆயின் அது 'எவ்வளவு காலம் எடுத்தது?' என்பதற்கான விடை மட்டுமே. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அரசினால் ஏற்கப்பட்டது 1970களிலும் அதன் பின்னருமே. வாக்குரிமை இழந்த மக்களின் குரல் பாராளுமன்றத்தில் பல ஆண்டுகள் ஒலிக்க வழியில்லாதிருந்தது. காணி அவர்களுடையதாயிருக்கவில்லை. இவற்றைச் சங்கிலியாகத் தொடுத்துப் பார்ப்பவர்க்கு, மலையகம் மெதுவாக நடந்ததா, அன்றி ஒவ்வொரு படியிலும் பிறரொருவரின் கையெழுத்துக்காக நிறுத்தி வைக்கப்பட்டதா என்பது விளங்கும்.

பிரதிகளின் சிக்கலும் எஞ்சியுள்ளது. சட்டம் மூலப் பதிவைத் திருத்தியது. ஆயின் லயன் வீட்டுக்கு இலக்கமுண்டா? பல தோட்டங்களில் முகவரி என்பது தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மட்டுமே. கடிதம் தோட்டக் காரியாலயம் வழியாக வந்து சேர்கிறது. ஒருவரது முகவரியும் அவரது தொழில் வழங்குநரின் பெயரும் ஒன்றாயிருக்கும் இந்நிலை, கண்டறியப்பட்ட வரிசைப்படி தட்டுக்குப் பெயரிட்ட பழைய முறையை ஒத்தது. தொழிலை விட்டவர் பெயரையும் விட்டவராகிறார். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமோ நேர்முகப் பரீட்சைக்கான அழைப்போ இரண்டு நாள் பிந்திக் கிடைக்குமாயின், அத்தாமதம் 90 வினாடிக்கு ஒப்பானதன்று. ஒரு வாழ்நாளின் திசையை மாற்றவல்லது. இது உரத்துக் கூவாத பிழை, ஆதலினாலேயே நீடிக்கிறது.

6

இக்கருத்துக்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, எந்திரத்தை மனிதரோடு ஒப்பிடுதல் மனிதரைச் சிறுமைப்படுத்தும் என்பது. ஒப்புமை முழுமையானதன்று என்பதை ஏற்கத்தான் வேண்டும். கணினி காத்திருக்கையில் எதனையும் இழப்பதில்லை. அதற்கு இளமை இல்லை, முதுமை இல்லை. மனிதர் காத்திருக்கையில் வாழ்நாள் கழிகிறது. ஆயின் இவ்வேறுபாடு முடிவை வலுப்படுத்துகிறதேயன்றித் தளர்த்தவில்லை. துன்பமே அறியாத எந்திரம் 90 வினாடி தாமதிப்பதைப் பொறாது, காரணத்தைத் துருவியறிந்து திருத்துவோர், துன்பம் அறிந்த மனிதரின் தாமதத்துக்கு அதனிற் பன்மடங்கு அக்கறை காட்டக் கடமைப்பட்டவராவர்.

இரண்டாவது ஆட்சேபம் நுட்பமானது. பழைய பதிவைத் திருத்தச் சொல்வது பழமையை மறக்கச் சொல்வதாகாதா? வந்த வழியும் பட்ட துயரும் மூழ்கிய ஊரும் நினைவிலிருந்து அழிய வேண்டுமா? இதற்கு விடை, நினைவையும் கட்டளையையும் வேறுபடுத்தி அறிதலில் உள்ளது. எஃப்எஸ்டாப்பில் ஒரு வரியை நீக்க விரும்பாதவர் அதன் முன் ஒரு குறியை இடுவது வழக்கம். அவ்வரி எழுத்தாக அங்கேயே இருக்கும், படிப்போர் படிக்கலாம், முறைமையோ அதனைக் கட்டளையாகக் கொள்ளாது. பழைய தட்டின் எண் அங்கு நினைவாக நிற்கும். எவரும் அதற்காகக் காத்திருக்கமாட்டார்.

மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றும்போது வெளிப்படும் பழைய மஸ்கெலியாவும் அத்தகைய வரியே. முதியோர் இன்ன இடத்தில் இன்ன கடை இருந்ததென்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதனால் புதிய நகரத்தின் பேருந்து தாமதிப்பதில்லை. 'இந்திய வம்சாவளி' என்ற சொல்லும் முன்னோர் வந்த வழியைக் கூறும் நினைவாக நிற்குமாயின் தீங்கு விளைக்காது. அதே சொல், இந்நாட்டில் ஏழு தலைமுறை வாழ்ந்தவரை நோக்கி 'நீ இங்குள்ளவன்தானா? நிரூபி' எனக் கேட்கும் கட்டளையாகுமிடத்தே அநீதியாகிறது. தம்மை 'மலையகத் தமிழர்' என அழைக்க வேண்டுமென அம்மக்களிடையே எழுந்த கோரிக்கையும் இவ்வேறுபாட்டை உணர்ந்ததன் விளைவே எனலாம். அது வரலாற்றை அழிப்பதன்று. தாம் இப்போது இருக்கும் இடத்தைப் பதிவேட்டிற் சரியாக எழுதுவித்தல்.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இடப்பெயர்வின் அறம் மூன்று கடமைகளைக் கொண்டதெனத் துணியலாம். இடம்பெயர்த்தோர், தாம் மாற்றியதனைச் சுட்டும் பதிவுகள் யாவற்றையும் தேடித் திருத்துதல் வேண்டும்; பிரதிகளும் இதனுள் அடங்கும். தாமதத்தை அளப்போர், அளவோடு நில்லாது, தாமதித்தவர் யாருக்காகக் காத்திருந்தார் என்பதையும் ஆராய்ந்த பின்னரே பழி கூறுதல் வேண்டும். பதிவுகளைப் பேணுவோர், அவற்றிற் குறிக்கப்பட்டோர் தாமே படிக்கவும் பிழை காட்டவும் வழி திறந்து வைத்தல் வேண்டும்.

இம்மூன்றும் பெருந்தியாகம் எதனையும் வேண்டுவன அல்ல. லினக்ஸ் கணினியில் அவை கால் மணி நேர வேலை. மலையகத்திலே, வீடுதோறும் ஓர் இலக்கம், ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே வந்து சேரும் கடிதம், தாம் வாழும் நிலத்தின்மீது தம் பெயரில் ஓர் உறுதி என்ற அளவில் அவை தொடங்கலாம். தத்துவம் கற்கும் மாணவரும் கற்பிக்கும் ஆசிரியரும் நீதியைப் பெருங்கோட்பாடுகளில் மட்டும் தேடுவது வழக்கம். அலுவலகத்தின் அடுக்கிலே, திருத்தப்படாத ஒரு வரியாக அநீதி கிடப்பதுமுண்டு. அவ்வரியைக் கண்டறியும் கண்ணும், அதனைத் திருத்த வேண்டியவர் யாரெனச் சுட்டும் துணிவும் கல்வியின் பயன்களுள் முதன்மையானவை எனின் அது மிகையாகாது.